மாடிக்காரன் பாக்கி

லாண்டரி அம்மா வீட்டு மாடியில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று புதிதாகக் குடிவந்த யாராவது கேட்டால், அந்தத் தெரு பதில் சொல்வதற்கு முன் இரண்டு பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளும். அம்மா காது கேட்கும் தூரத்தில் இருந்தால், "இருக்காரே, மூத்த பையன். கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று பதில் வரும். இல்லையென்றால் புதியவரை ஓரமாக அழைத்துப்போய், எந்த வாடகை ஒப்பந்தத்திலும் எழுதாத ஒரே நிபந்தனையை விளக்குவார்கள்.

"அந்தம்மா உங்களை நிறுத்தி, 'என் பையனைப் பார்த்தீங்களா'ன்னு கேப்பாங்க. பார்த்தேன்னு சொல்லிடுங்க. எங்கேன்னு கேட்டா உங்க இஷ்டம். ரொம்பத் தூரமா மட்டும் சொல்லிடாதீங்க. குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவாங்க."

பெரியவன் தன் சம்பாத்தியத்தில் மாடியைக் கட்டி, பெயின்ட் வாசனை அடங்குவதற்குள் ஒரு மழைநாளில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போனவன். அன்று மாலை அந்த இடத்தில் பாலமும் இல்லை, அவனும் இல்லை. சைக்கிள் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. கிடைக்காத ஆளுக்கு எதை வைத்து அழுவது என்று லாண்டரி அம்மாவுக்குத் தெரியவில்லை. அதனால் அழவேயில்லை.

பொய்யை ஆரம்பித்து வைத்தவர் மருந்துக்கடை அண்ணன். இரக்கப்பட்டுச் செய்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறார். நடந்தது என்னவென்றால், அன்றைக்குக் கடையில் கூட்டம். கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு, "பெரியவன் தலைவலி மாத்திரைக்கு வந்தானா?" என்று நின்ற அம்மாவை எப்படியாவது நகர்த்த வேண்டியிருந்தது. "இப்பத்தாம்மா வாங்கிட்டுப் போனாரு" என்றார். அம்மா வீட்டுக்குப் போய், வெகு நாளைக்குப் பிறகு ஒரு தட்டுச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். மறுநாள் மகள் கடை வாசலில் வந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று அண்ணன் பஞ்சுப் பொட்டலங்களுக்குப் பின்னால் ஒதுங்கினார். அவள் அந்தப் பஞ்சிலேயே ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். அதையே அனுமதியாகத் தெரு எடுத்துக்கொண்டது.

அந்த மகளைத் தெருவில் பாப்பா என்பார்கள். தலையில் வெள்ளைக் கம்பிகள் தெரிய ஆரம்பித்த பிறகும் பாப்பாதான்.

ஆளாளுக்கு ஒரு பாணி வைத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் முதுகை மட்டுமே பார்ப்பார். முகம் என்றால் வாடியிருந்ததா, சிரித்ததா என்று அடுத்த கேள்வி வருமே. பஸ் ஓட்டுகிற ஹாரன் (வீட்டுக்குள்ளும் அதே சத்தத்தில் பேசுவதால் வந்த பெயர்) எப்போதும் எதிர் ஸ்டாப்பில் பார்ப்பான். ஒருமுறை மருந்துக்கடை அண்ணன் பெரியவனுக்குத் தாடி வைத்துவிட, அதே வாரம் ஹாரன் "மொழுமொழுன்னு ஷேவ் பண்ணி" என்று சொல்லித் தொலைக்க, கடை வாசலில் இருவருக்கும் கைகலப்பு வராத குறை. டீச்சர்தான் தலையிட்டு, லேசான தாடி, மூக்குக்கண்ணாடி, காதோரம் நரை என்று முடிவுகட்டினார். இப்படித் தெரு கூடி அவனுக்கு வயதேற்றிக்கொண்டு வந்தது. போய்ச் சேர்ந்தவர்கள் போன வயதிலேயே நிற்பார்கள். இவனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

பாப்பா மட்டும் ஒருநாளும் அவனைப் பார்த்ததாகச் சொன்னதில்லை. அம்மாவும் அவளிடம் கேட்டதில்லை. கல்நெஞ்சுக்காரி என்று தெரு முணுமுணுத்துக்கொண்டது. அந்த வீட்டுக்குள் மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்க இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

லாட்ஜ் பெட்ஷீட்டுகளை வாங்கி வெளுத்துக் கொடுப்பது அவர்கள் பிழைப்பு. வெயில் நாளில் பின்கட்டுக் கொடியில் உலர்ந்துவிடும். மழை பிடித்துக்கொண்டால் கூடம், நடை, அடுப்படி எல்லாம் கயிறு கட்டி ஈரத்துணிதான். சோப்பும் கஞ்சியும் கலந்த வாடை சுவரில் ஏறி, சாப்பாட்டிலும் ஏறும். வீட்டுக்குள் நடக்க வேண்டுமென்றால் வெள்ளைத் துணியைக் கையால் விலக்கி விலக்கி நடக்க வேண்டும். துணிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் வெறும் நிழலாகத் தெரிவார்.

"பெரியவனா?" என்று கேட்பாள் அம்மா.

"நான்தாம்மா."

"ம்."

அந்த 'ம்'மை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டாலும் பாப்பாவுக்குப் பழகவில்லை. இத்தனைக்கும் மாடிக் கூடத்தில் இரண்டு பக்கமும் ஜன்னல். நல்ல காற்று. அங்கே கட்டினால் அரை நாளில் காய்ந்துவிடும். "அவன் படுக்கிற இடத்துல ஊரான் போர்வையைத் தொங்கவிடறதா?" என்று அம்மா ஒரே வார்த்தையில் அடைத்துவிட்டாள். மக்கிப்போன வாடை அடிக்கிறதென்று சொல்லி ஒரு லாட்ஜ் துணி கொடுப்பதையே நிறுத்திக்கொண்டது.

அப்படிப்பட்ட ஒரு மழைக் காலைப்பொழுதில்தான் 'மன்னிக்கணும்' வந்தார்.

சொத்து வரி அதிகாரிக்குத் தெரு வைத்த பெயர் அது. மன்னிப்புக் கேட்காமல் அவரால் மணிகூடக் கேட்க முடியாது. முன்பெல்லாம் வரி பாக்கி வைத்தவர் வாசலில் வார்டு ஆபீஸ்காரர்கள் குப்பைத்தொட்டியை இறக்கிவிட்டுப் போவார்கள். நாற்றம் தாங்காமல் கட்டட்டும் என்று. இந்த ஆள் வந்ததும் அதை நிறுத்திவிட்டார். "எல்லா வாசலும் ஒரே மாதிரிதான் நாறுது. யார் கட்ட முடியாதவங்க, யார் முடிஞ்சும் கட்டாதவங்கன்னு மூக்கால கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டாராம்.

"மன்னிக்கணும், வீட்ல யாராவது இருக்கீங்களா?" என்று குரல் முதலில் வந்தது.

"நேரா வாங்க சார். இடது பக்கம் வந்துடாதீங்க, அது கஞ்சி போட்டது" என்றாள் பாப்பா.

"மன்னிக்கணும், எனக்கு இடதா, உங்களுக்கு இடதா?"

"அய்யோ, அங்கேயே நில்லுங்க!"

அவரைத் துணியிலிருந்து பிரித்தெடுத்து ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன சார், எங்க வீட்டுப் பக்கம்? கீழ்வீட்டு வரியை அரையாண்டு தவறாம நானே வந்து நின்னு கட்டறேனே."

"தெரியும்மா. இந்தத் தெருவுல முதல் ஆளா வர்றதே நீங்கதான். நான் வந்தது மாடிக்கு."

"மாடி பெரியவன் பேர்ல இருக்கு. அவன் கட்டுவான்."

"மன்னிக்கணும், கட்டலையேம்மா. மாடி எழும்பின நாள்லேர்ந்து கட்டலை. வட்டி வேற ஏறிக் கிடக்கு. கதவு நம்பர் ஒண்ணுங்கறதால கீழ்வீட்டையும் சேர்த்துத்தான் சீல் வைப்பாங்க. அப்புறம் ஏலம்."

"அவனைக் கேட்டீங்களா?"

வரிக்காரர் பாப்பாவைப் பார்த்தார். பாப்பா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அவன் இடத்துக்கு நான் வரி கட்டினா, அம்மா தயவுல மாடியில இருக்கான்னு நாலு பேர் பேசுவாங்க. அந்த அவமானம் என் பிள்ளைக்கு வேண்டாம் சார்" என்றாள் அம்மா.

வட்டி இப்படி வீங்குவதற்கு முன்பு, ஒருமுறை பாப்பா திருட்டுத்தனமாகக் கட்டிவிடப் போனாள். வரிசையில் நின்றதை யாரோ பார்த்து வந்து சொல்லிவிட்டார்கள். அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணனை வீட்டைவிட்டுத் துரத்த வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு அந்தத் தொகை அவர்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

மாடியைப் பார்வையிட வேண்டும் என்றார் வரிக்காரர். அம்மா சந்தோஷமாகச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். முழங்கால் வலியால் அவள் படி ஏறுவதில்லை. "போய்ப் பார்த்துட்டு வாங்க. தூங்கிட்டிருந்தா எழுப்பாதீங்க."

இறங்கி வந்தவர் வாசலில் குடையை விரிக்க மறந்து நின்றார். பாப்பா கூடவே வெளியே வந்தாள்.

"தூசியில என் காலடி மட்டும்தாம்மா இருக்கு. பல்லி எச்சம், உடைஞ்ச ஜன்னல் கொக்கி, வேற ஒண்ணும் இல்லை" என்றார். கொஞ்சம் தயங்கினார். "ஆனா வரும்போது கதவைச் சத்தமில்லாம சாத்தினேன். ஏன்னு தெரியலை."

பாப்பா மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். "இதுக்கு என்னதான் சார் வழி?"

"வழி இருக்கு. யாரும் குடியில்லாம காலியாக் கிடக்கிற இடத்துக்குப் பழைய பாக்கி மொத்தமும் தள்ளுபடி உண்டு. ஆனா அக்கம்பக்கத்துல ஒழுங்கா வரி கட்டறவங்க மூணு பேர் வந்து, காலிதான்னு சொல்லணும். வீட்டுக்காரங்களை எதிர்ல உட்காரவச்சுத்தான் சொல்லணும்."

"அம்மா எதிர்லயா?"

"மன்னிக்கணும். முன்னாடி முதுகுக்குப் பின்னால சொல்லவிட்டாங்க. வேண்டாத ஆளுங்க பொய் சொல்லி ஒருத்தர் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோயிட்டாங்க. எதிர்ல சொன்னாத்தான் பேச்சு."

அன்று மதியமே பாப்பா மருந்துக்கடைக்குப் போனாள். அண்ணன், டீச்சர், ஹாரன் மூவரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னாள். கடை ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் திரையாக விழுந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"நீ கேக்கறது நியாயம்தான்" என்றார் அண்ணன். "ஆனா அவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படிம்மா?"

"முகத்தைப் பார்த்துத்தானேண்ணா இத்தனை நாளும் சொன்னீங்க?"

"அது வேற."

"என்ன வேற? நீங்க மாத்திரை கொடுத்த கணக்குக்கு எங்க அண்ணனுக்குத் தலையே இருந்திருக்காது."

டீச்சர் சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார். "அப்படி விளையாட்டாப் பேசாதே பாப்பா. நான் ஒண்ணு சொல்றேன், பைத்தியம்னு நினைக்காதே. முதுகு முதுகுன்னு சொல்லிச் சொல்லி, இப்பல்லாம் ஜன்னல் பக்கம் போனாலே கண்ணு உங்க மாடிக்குத்தான் போகுது. போன மழையில ஒரு நாள் நிஜமாவே ஒரு முதுகு தெரிஞ்சுது."

"கண்ணாடியில மழைத்தண்ணி வழிஞ்சிருக்கும் டீச்சர்."

"இருக்கும். இருக்கும்தான். அப்புறம் நான் அந்த ஜன்னலைத் திறக்கறதில்லை."

ஹாரன் அதுவரை பேசாமல் இருந்ததே அதிசயம். பேசியபோது குரல் அவனுடையதாகவே இல்லை. "எனக்கு ஒரு தடவை கை காட்டினாரு. பாலத்துக்கிட்ட. நல்ல மழை. நான் பிரேக்கே போடலை. வண்டி நிறைய ஆளு, அதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வண்டியில நாலே பேருதான் இருந்தாங்க."

"அவர் இல்லண்ணா. நீங்களா சொல்லிக்கிட்டது. காலின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். இல்லைன்னா நானும் அம்மாவும் மூட்டையைத் தூக்கிக்கிட்டு எங்கே போறது?"

மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள். ஹாரன் தன் பஸ் மேல் சத்தியம் செய்தான்.

விசாரணை நாளன்று அம்மா தன் புடவைக்கும் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டாள். பாப்பாவுக்கு நினைவு தெரிந்து அவள் அப்படிச் செய்தது அன்றுதான்.

"எல்லாரும் வர்றாங்களாடி?"

"வர்றாங்கம்மா."

"நல்லதாப் போச்சு. நான் சொன்னா அந்த மனுஷன் நம்பலை. தெருவே வந்து சொன்னா நம்பித்தானே ஆகணும்."

அம்மா எதற்குப் போகிறாள் என்பது பாப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லைம்மா என்று சொல்ல வாயெடுத்தாள். அம்மா குடையைச் சாய்த்து அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். பாப்பா வாயை மூடிக்கொண்டு கூடவே நடந்தாள்.

வார்டு ஆபீஸ் அறையில் நனைந்த குடைகளின் வாடை. ஒரு மேஜை, அந்தப் பக்கம் வரிக்காரர். இந்தப் பக்கம் அம்மா. பக்கவாட்டு பெஞ்சில் மூன்று பேரும், பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவர்கள்போல். அம்மா தன் நாற்காலியை அவர்களைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். முகத்தில் ஒரு வெளிச்சம். தன் பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்க வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தார் வரிக்காரர். "லாண்டரி வீட்டு மாடியில யாராவது குடியிருக்காங்களா?"

மருந்துக்கடை அண்ணன் எழுந்தார். ஒத்திகை பார்த்த வார்த்தைதான். அம்மா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டி, சொல்லுங்க என்றாள்.

"இருக்காரு சார்."

பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"போன வாரம்கூட வந்து... இருமல் மருந்து" என்றவர், தன் வாயிலிருந்து வந்ததைத் தானே நம்பாதவராக உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு, "முதுகைப் பார்த்திருக்கேன்" என்றார். கேட்டவர்களுக்கு அது பொய்போலவே படவில்லை. ஹாரன் மட்டும் அம்மாவைப் பார்க்காமல், வரிக்காரரையும் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சொன்னான். "கை காட்டினாரு சார். நான்தான் நிறுத்தலை."

வரிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார்.

பாப்பாவால் பொறுக்க முடியவில்லை. "சார், நீங்களே மேல போய்ப் பார்த்தீங்க. நீங்களே எழுதுங்களேன்."

"நான் பார்த்தது காலி இடம்தாம்மா. ஆனா என் ஒருத்தன் கண்ணை நம்பி வரியைத் தள்ளக் கூடாதுன்னுதான் இந்த விசாரணையே வச்சிருக்கு. இன்னிக்கு என் கண்ணை நம்பித் தள்ளினா, நாளைக்கு இன்னொருத்தன் கண்ணை நம்பி ஏலம் போடுவாங்க. மன்னிக்கணும்."

எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டுவதும் விதியாம். "மாடியில் உரிமையாளர் வசித்து வருகிறார். கட்டும் நிலையில் இருந்தும் வரி கட்டவில்லை. பெயர் அறிவிப்புப் பலகையில் வெளியிடப்படும். அதன் பிறகு வீட்டுக்கு சீல் வைக்கப்படும்."

அம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் முதல் வரியில் கூடி, இரண்டாவது வரியில் நின்றுவிட்டது.

"அதை இன்னொரு தடவை படிங்க சார்."

படித்தார்.

"அப்படின்னா?"

"உங்க பையன் மாடியில இருக்காரு. கட்ட முடிஞ்சும் கட்டாதவரு. அதான் அர்த்தம்மா."

"பலகையில போடுவீங்களா? அவன் பேரையா?"

"ஆமாம்மா."

அம்மா பெஞ்சைப் பார்த்துத் திரும்பினாள். கோபமே இல்லாமல் கேட்டாள். அதுதான் அந்த மூன்று பேரையும் இன்றுவரை தூங்கவிடாமல் செய்கிறது.

"நான் கீழ ஊரான் அழுக்கை வெளுத்து வரி கட்டறேன். இடுப்பு ஒடிஞ்சு நிக்கறேன். அவன் மேல படுத்துக்கிட்டு எல்லாத்தையும் பார்த்துட்டு இருக்கான். இறங்கி வந்து ஒரு வார்த்தை கேக்கலை. அப்படித்தானே?"

ஹாரன் ஜன்னலிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"சொல்லுங்கப்பா. நீங்கல்லாம் பார்த்த ஆளு. அப்படிப்பட்டவனா அவன்?"

"இல்லைம்மா" என்றார் அண்ணன். "தங்கமான பையன்."

"ஆமா." அம்மா மடியிலிருந்த கைகளைப் பார்த்தாள். சோப்பில் ஊறி விரல்நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிய கைகள். "வேலைக்குச் சேர்ந்த மாசமே முழுச் சம்பளத்தையும் கொண்டுவந்து என் கையில வச்சவன். அரை மணி லேட்டானாக்கூட ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவான். அவனா பாக்கி வைப்பான்?" ஒரு மூச்சு விட்டாள். "அதை அடிங்க சார்."

"எதைம்மா?"

"நீங்க எழுதினதை. இவங்க பார்த்தது வேற யாரையோ. என் பிள்ளை இருந்திருந்தா கட்டியிருப்பான்."

வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. சொன்னதன் மீதிப் பாதி தானாகவே அறைக்குள் வந்து சேரும்வரை எல்லோரும் காத்திருந்த மாதிரி இருந்தது.

"அப்ப மாடி?" என்று மெதுவாகக் கேட்டார் வரிக்காரர்.

அம்மா பாப்பாவின் பக்கம் கையை நீட்டினாள். பாப்பா பிடித்துக்கொண்டாள். ஈரத்துணியைப்போல் சில்லென்றிருந்தது.

"காலி" என்றாள் அம்மா.

மூன்று பேரும் எழுந்து, ஒருவர் பின் ஒருவராக, காலிதான், காலிதான், காலிதான் சார் என்றார்கள். வரிக்காரர் பழைய தாளைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். பாக்கி மொத்தமும் போயிற்று. வீடு நின்றது. அந்த இரண்டாவது தாளை எழுதி முடிக்கும்வரை அந்த ஆள் ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை.

திரும்பும்போது அம்மாவும் மகளும் ஒரே குடையில் முன்னால் நடந்தார்கள். மற்ற மூவரும் தள்ளித் தள்ளிப் பின்னால் வந்தார்கள். கடைவாசலில் நின்றவர்கள் விஷயம் தெரியாமலே பேச்சை நிறுத்திக்கொண்டு வழிவிட்டார்கள். ஒருத்தர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

அம்மா அன்று அழுதாள். அடுத்த நாளும் அழுதாள். பாப்பா கயிறுகளுக்கு நடுவே புகுந்து புகுந்து வேலை பார்த்தாள். துணிக்கு அந்தப் பக்கமிருந்து பெரியவனா என்ற கேள்வி வரவில்லை. வராததும் பழகவில்லை.

அதற்கடுத்த நாள் லாட்ஜிலிருந்து பெரிய மூட்டை வந்து இறங்கியது. மழை விடுவதாகக் காணோம். கூடத்தில் ஓர் அங்குலம் இடமில்லை. அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஆணியிலிருந்த சாவியை எடுத்தாள்.

"மேல கொண்டு போடி. ரெண்டு ஜன்னலையும் திறந்துவிடு."

இத்தனை வருஷமாகக் கேட்டது இதைத்தான். பாப்பா பிழிந்த பெட்ஷீட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். சுவரைப் பிடித்து, படிக்குப் படி நின்று, அம்மா பின்னாலேயே வந்தாள். சாவி முரண்டு பிடித்துத் திரும்பியது. கதவு லேசாக விட்டுக்கொடுத்தது. தள்ளினால் திறந்துவிடும்.

பாப்பா தள்ளவில்லை. தோளிலிருந்து தண்ணீர் முதுகில் இறங்கிக்கொண்டிருந்தது.

"போயேன் உள்ளே. காலிதானே" என்றாள் கீழ்ப்படியிலிருந்து அம்மா.

"ஆமாம்மா."

பாப்பா கையைத் தூக்கிக் கதவை மெல்லத் தட்டினாள். தட்டிவிட்டுக் காத்திருந்தாள். அம்மா அவளை அவசரப்படுத்தவில்லை.